சிவப்புக் கொடிக்கு மதிப்பெண் இல்லை

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. குறையாகச் சொல்லவில்லை, உட்கார்ந்ததும் தெரிந்தது, சொன்னேன். ஒரு தாளை நாலாக மடித்து அடியில் வைத்தால் ஆடாது. அலுவலகத்தில் என் மேசைக்கும் அப்படித்தான் வைத்திருந்தேன். இந்தத் தேநீர்க் கோப்பைக்குக் கீழே இருக்கிற தாளை எடுத்துக்கொள்ளலாமா? நன்றி. இப்போது சரியாக இருக்கிறது.

என் வேலை என்ன என்று முதலில் கேட்டீர்கள். அளப்பது. கடலையோ மீனையோ அல்ல, அவற்றை ஆராய்கிறவர்களை. எங்கள் கடல் ஆய்வு நிலையத்து விஞ்ஞானிகள் ஒவ்வொருவரும் என்ன எழுதினார்கள், அதை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள், அந்த ஆய்வால் ஊருக்கு விளைந்த பயன் என்ன, இதையெல்லாம் எண்ணிக் கூட்டி ஆளுக்கொரு மதிப்பெண் போட்டு மதிப்பீட்டுக் குழுவின் முன் வைக்க வேண்டும். அதை வைத்துத்தான் யாருக்கு உதவியாளர், யாருக்குப் படகு, யாருடைய பிரிவு நீடிக்கும், யாருடையதை மூடுவது என்று குழு முடிவெடுக்கும். அதனால் எனக்கு முழக்கோல் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை. துணி போதவில்லை என்றால் முழக்கோலைத் திட்டி என்ன பயன்?

என் மனைவிக்கு மட்டும் அந்தப் பெயர் பிடிக்காது. "வீட்டுக்கு வரும்போது அந்தக் கோலை வாசல்லயே வெச்சிட்டு வாங்க" என்பாள். சாப்பாட்டில் உப்பு எப்படி என்று கேட்டால் 'போன வாரத்துக்குப் பரவாயில்லை' என்று நான் பதில் சொல்கிறேனாம். சொல்லியிருக்கலாம். எனக்கு எதையும் இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பழக்கம்.

நீங்கள் கேட்க விரும்புவது சிப்பிக்காரியைப் பற்றி. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. நிலையத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். கரையோரப் பாறைகளில் கொத்துக்கொத்தாக ஒட்டி வளரும் சிப்பிகள்தான் அவருடைய ஆராய்ச்சி. சிப்பி கடல்நீரை வடிகட்டி அதில் இருப்பதைத் தின்று வளர்கிறது. சில பருவங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்பாசி நீரில் பெருகும். அதன் நஞ்சு சிப்பியின் சதையில் சேரும். சிப்பிக்கு ஒன்றும் ஆகாது. அதைத் தின்கிற மனிதனுக்கு முதலில் உதடு கூசும். பிறகு மரத்துப்போகும். பிறகு விரல்கள், கைகால்கள், கடைசியில் மூச்சு. வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மணமும் ருசியும் மாறுவதில்லை. மருந்தும் கிடையாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய கட்டுரைகள் அத்தனையையும் வரி விடாமல் படித்திருக்கிறேன். எண்ணுவதற்குப் படிக்கவேண்டிய அவசியமில்லை. பிடித்துப்போய்ப் படித்தேன்.

அவர் வருவதற்கு முன்னால் எங்கள் நிலையத்துக்குப் பக்கத்துப் படகுத்துறையில் ஒரு பழக்கம் இருந்தது. சிப்பி வெந்ததும் யாராவது ஒருவர் ஒரு துண்டுச் சதையை எடுத்து உதட்டில் ஒட்டி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கதை பேசிக்கொண்டிருப்பார். உதடு கூசினால் பானையோடு கடலில் கொட்டிவிடுவார்கள். கூசாவிட்டால் சாப்பிடுவார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் எப்போதும் காப்பாற்றவில்லை. பசியில் பொறுமை இருக்காது அல்லவா? சில வருடங்களுக்கு ஒருமுறை யாராவது போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

சிப்பிக்காரி செய்தது எளிய காரியம். துறையில் இருந்த படகுக்காரர் ஒருவர் வாராவாரம் பாறையிலிருந்து சிப்பி சுரண்டிக் கொண்டுவருவார். எங்கள் சோதனைக்கூடத்து வேதியியல்காரப் பெண் நஞ்சின் அளவைப் பார்ப்பாள். எல்லை தாண்டினால் சிப்பிக்காரிக்குப் போன் வரும். அவர் துறையின் மீனவர் சங்கச் செயலாளருக்குப் போன் செய்வார். செயலாளர் துறைமேடைக் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவார். கொடி இறங்கும்வரை யாரும் பாறைப் பக்கம் போகமாட்டார்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்தத் துறையில் சிப்பி தின்று ஒருவர்கூடச் சாகவில்லை. மெல்ல மெல்ல உதட்டில் ஒட்டிப் பார்க்கிற பழக்கமும் போய்விட்டது. படகுக்காரர் ஒருமுறை நிலையத்துக்கு வந்தபோது என்னிடமே சொன்னார்: "இப்ப எங்க உதடெல்லாம் அந்தக் கம்பத்துலதான் சார் இருக்கு."

இங்கேதான் சிக்கல். ஊருக்கு விளைந்த பயன் என்று ஒரு பகுதி இருக்கிறது என்றேன் அல்லவா? அதற்கு மதிப்பெண் போட வேண்டுமானால் மதிப்பீட்டுக் காலத்துக்குள் ஏதாவது நடந்திருக்க வேண்டும். நடந்ததற்குச் சான்று வேண்டும். பழைய காலத்துச் சாவுகளை எடுத்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. சிப்பிக்காரி வந்த பிறகோ ஒன்றுமே நடக்கவில்லை. குழுத் தலைவர் கூட்டத்தில் அவரைப் பார்த்துக் கேட்டார்: "இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையேம்மா. அப்புறம் இந்தப் பிரிவு எதுக்கு?"

"அதுதான் சார் பயன்" என்றார் சிப்பிக்காரி.

"நடக்காததுக்கு எப்படிம்மா மார்க் போடறது?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் என் பக்கம் திரும்பினார். நான் விதியைச் சொன்னேன். "சான்று இல்லைன்னா பூஜ்யம், சார்." வேறு யார் மேலும் பழி போட விரும்பவில்லை. சொன்னது நான்தான்.

மேற்கோள் கணக்கிலும் அவர் பின்தங்கியிருந்தார். வருடக்கணக்கில் ஒரே பாறையைப் பார்த்து ஒரே ஒரு நீண்ட கட்டுரை எழுதுகிறவர் அவர். பக்கத்து அறையில் இருந்த பவளப்பாறைக்காரர் அப்படி இல்லை. ஒரே மீனைத் துண்டுபோட்டு ஒவ்வொரு துண்டையும் முழு மீன் என்று விற்கிற ஆள். ஒரு கட்டுரையில் தன்னுடைய மற்ற கட்டுரைகளையெல்லாம் தானே மேற்கோள் காட்டுவார். எனக்கு அது தெரியும். ஆனாலும் மேற்கோள் மேற்கோள்தான், விதியில் விலக்கு இல்லை. அவர்தான் சிப்பிக்காரிக்கு ஒருநாள் புத்தி சொன்னார்: "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். உங்க கடல் அழவே மாட்டேங்குதே, அதை வெச்சு என்ன பண்றது?"

கூட்டம் முடிந்து நடைவழியில் என்னோடு வரும்போது சிப்பிக்காரி, "திருடன் வராத வீட்டுல பூட்டைக் கழட்டி வித்துடலாம்னு சொல்றாங்கண்ணா" என்று சிரித்தார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் அவருடைய உதவியாளர் பணியிடம் போனது. அடுத்த மதிப்பீட்டிலும் இதே நிலை என்றால் பிரிவையே மூடிவிடுவது என்று எழுதிவைத்தார்கள். அவர் போய்விட்டால் கொடிக்கு ஆள் இல்லை. உதட்டில் ஒட்டிப் பார்க்கவும் துறையில் யாருக்கும் நினைவில்லை. இதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். நான் யோசிக்காமல் செய்தேன் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதுண்டு. தனியாக இருந்தார், என் மனைவிக்கு அவர் என்றால் உயிர். ஒருநாள் பரிமாறிக்கொண்டே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு மார்க் சேர்த்துப் போட்டா உங்க கை தேஞ்சா போயிடும்?"

நான் பதில் சொல்வதற்குள் சிப்பிக்காரி, "வேண்டாம் அண்ணி. அண்ணன் போடமாட்டார். அதனாலதான் அவர் போடற மார்க்கை நாலு பேர் நம்பறாங்க" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு வழக்கத்தைவிடக் கூடுதலாக இறங்கியது. சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. கை கழுவும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "ஆனா ஒரு வரி எழுதலாம்ணா. இந்த வேலையை இந்தக் கோலால அளக்க முடியாதுன்னு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

நான் துண்டை எடுத்துக் கொடுத்தேன். எழுதியிருக்கலாம். அதற்கு எனக்கு அதிகாரமும் இருந்தது. ஆனால் ஒரு முழக்கோல் தன்மேல் தானே 'என்னை நம்பாதே' என்று எழுதிக்கொண்டால் அப்புறம் அதைக் கையில் எடுக்கிறவன் யார்? அன்றுவரை அதை வைத்து நான் அளந்தவர்கள், வேலை போனவர்கள், அவர்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது? அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிறகு அவர் ஆய்வுக் கப்பலில் ஆழ்கடலுக்குப் போகவேண்டி வந்தது. உதவியாளர் இல்லை. என் அறை வாசலில் பையோடு நின்றுகொண்டு, "ரெண்டு வாரம் மட்டும் அண்ணா. லேப்ல இருந்து போன் வந்தா செயலாளருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க. அவ்வளவுதான் வேலை. வேற யாரையும் நம்பிச் சொல்லமுடியாது" என்றார். சரி என்றேன். செயலாளரின் எண்ணை அவரே என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவைத்துவிட்டுப் போனார்.

போன் வந்தது. வேதியியல்காரப் பெண்தான். "ஐயா, அளவு எகிறிடுச்சு. எல்லையைவிடப் பல மடங்கு. நான் இப்படிப் பார்த்ததே இல்ல. உடனே சொல்லிடுங்க."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கவனியுங்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் சொன்னேன். சொல்லிவிடுகிறேன் என்று சொல்லவில்லை.

போனை வைத்துவிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். சின்ன வயதிலிருந்து எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். இத்தனை வருடமாக அந்த ஊர் நிழலிலேயே இருந்துவிட்டது. அதனால்தான் மரத்தை வெட்டலாமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கொஞ்சம் வெயில் பட்டால் தெரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். நாலு பேருக்கு வயிறு கலங்கும், வாந்தி வரும், ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், செய்தி வரும். கொடி ஏன் ஏறவில்லை என்று கேட்பார்கள். உதவியாளர் பணியிடத்தை நீங்கள்தானே எடுத்தீர்கள் என்று பதில் போகும். அவ்வளவுதான் என் கணக்கு. நான் அந்த எண்ணுக்குப் போன் செய்யவில்லை.

நீங்கள் அந்தத் தாளைப் பின்னால் புரட்டுவது தெரிகிறது. ஆமாம், சற்றுமுன் நானே சொன்னேன். அந்த நஞ்சு வயிற்றைக் கலக்குவதில்லை, மூச்சை நிறுத்துகிறது. எவ்வளவு தின்றால் ஒரு ஆள் தாங்குவான் என்பதும் அவருடைய கட்டுரையில் இருக்கிறது. படித்தவன்தான் நான். வயிற்றுப்போக்கு என்று ஏன் நினைத்தேன் என்று கேட்டால், அன்றைக்கு அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

வழக்கமான நேரத்துக்கு அலுவலகத்தை விட்டுக் கிளம்பினேன். என் வீட்டுக்குப் போகிற வழி படகுத்துறையை ஒட்டித்தான். பொழுது சாய்ந்திருந்தது. கம்பம் வெறுமனே நின்றது. அன்று பாறையில் நல்ல சிப்பி கிடைத்திருக்கிறது. மேடையோரம் இரண்டு மூன்று இடத்தில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். படகுக்காரரின் மனைவி பெரிய பானையைக் கிளறிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"வாங்க சார், வாங்க. நம்ம சிப்பிக்காரம்மாவோட ஆள்தானே நீங்க. அம்மா கப்பல்ல போயிருக்காங்களாமே. இந்தாங்க, ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க."

ஓட்டோடு ஒரு சிப்பியைக் கையில் வைத்தார். சூடாக இருந்தது. நான் கடலைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு சதையை எடுத்து உதட்டில் ஒட்டிவைத்தேன். பழைய முறை எப்படி என்று கட்டுரையில் படித்தது நினைவிருந்தது. பின்னால் அவர் பேசிக்கொண்டிருந்தார். நான் தயங்குவதாக நினைத்தாரோ என்னவோ, "கொடி ஏறலையே சார், பயப்படாம சாப்பிடுங்க" என்று சிரித்தார். உதடு முதலில் கூசியது. பிறகு அந்த இடம் மரத்துப்போனது. விரலால் தொட்டால் வேறு யாருடைய உதடோபோல் இருந்தது. சதையைக் கைக்குட்டையில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"வீட்டுல போய்ச் சாப்பிடறேன்மா" என்றேன்.

"அப்ப அக்காவுக்கும் சேர்த்துக் கொண்டுபோங்க" என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். தெருமுனையில் நகராட்சிக் குப்பைத்தொட்டி இருக்கிறது. பொட்டலத்தையும் கைக்குட்டையையும் அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். முகம் கழுவினேன். மனைவி என்ன உதட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். வெயிலில் காய்ந்துவிட்டது என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நான் சொன்ன பொய் என்று நினைக்கிறேன்.

பொட்டலத்தை ஏன் தொட்டியில் போட்டீர்கள் என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். என் மனைவியும் இதையேதான் கேட்டாள், பிற்பாடு, எல்லாம் தெரிந்த பிறகு. அவள் இப்போது தன் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

விடிவதற்குள் ஆஸ்பத்திரி நிறைந்துவிட்டது. முதலில் இறந்துபோனவர் படகுக்காரர். அவருக்குப் பிறகு வலைக்கூடத்தில் வேலை பார்த்த அக்கா தங்கை இருவர். செயலாளரின் அப்பா. துறையில் சிப்பி வாங்கிக்கொண்டு போன ஒரு பள்ளி ஆசிரியர். மூச்சு நிற்கும்வரை எல்லாருக்கும் நினைவு தெளிவாக இருந்ததாம். அந்த நஞ்சு அப்படித்தான், கட்டுரையிலும் அப்படியே இருக்கிறது. படகுக்காரரின் மனைவியைக் கொண்டுவரும்போது மூச்சு நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. இயந்திரத்தில் வைத்தார்கள். நஞ்சு இறங்கிவிட்டது, ஆனால் அவர் கண் திறக்கவில்லை.

நான் வருந்தினேனா என்று கேட்டீர்கள். அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், அலுவலகம் போனேன். உதட்டில் ஒட்டிய இடத்தின் மரமரப்பு மட்டும் போகவேயில்லை என்று தோன்றிக்கொண்டிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிழைத்தவர்கள், உறவுக்காரர்கள் எல்லாரையும் கேட்டுப் பார்த்தார்கள். ஒருவர்கூட உதட்டில் ஒட்டிப் பார்க்கவில்லை. ஒருவர்கூடத் தயங்கவில்லை. அந்தத் துறை முழுவதும் தன் உதட்டை நம்பாமல் ஒரு பெண்ணின் கொடியை நம்பியிருக்கிறது. என் பணிக்காலம் முழுவதும் எத்தனையோ பேருக்குப் பயன் தேடி அலைந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான சான்றை நான் கண்டதில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றுகொண்டு இதைத்தான் நினைத்தேன். அது சரியில்லை என்று இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

நிலையத்தில் விசாரணை வைத்தார்கள். வேதியியல்காரப் பெண் எனக்குப் போன் செய்ததைச் சொன்னாள். விசாரணை அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தகவல் வந்தது. துறைக்குப் போய்ச் சேரவில்லை" என்றேன். இதில் பொய் எங்கே இருக்கிறது? அவர் தொலைபேசிக் கோளாறு என்று எழுதிக்கொண்டார். அவராகவே எழுதிக்கொண்டார். மேலே கிளறினால் உதவியாளர் பணியிடத்தை எடுத்தது யார் என்ற கேள்வி வரும். அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஆளை விட்டால் போதும் என்று எல்லாரும் எழுந்து போனார்கள்.

சிப்பிக்காரியைப் பாதிவழியில் கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். தான் போயிருக்கவே கூடாது என்றுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படகுக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவின் விரல்களை நீவிவிட்டுக்கொண்டிருப்பார் என்று வார்டு நர்ஸ் சொன்னாள். நானும் தினமும் காலையில் வார்டுக்குப் போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேட்பேன். நெருங்கிய சொந்தக்காரர் என்று நர்ஸ் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நல்ல பெண், அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள்.

மாதங்கள் போயின. அவருடைய பழைய கட்டுரையை எல்லா நாட்டுக்காரர்களும் தேடிப் படிக்க ஆரம்பித்தார்கள். பத்திரிகைகள், அரசு அறிக்கைகள், புதுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் அவர் பெயர். இதே போன்ற கொடியை எங்கெங்கோ கடற்கரைகளில் வைக்கப்போகிறார்கள். குழுத் தலைவரே என்னைக் கூப்பிட்டு, பிரிவை நீட்டிக்கிறோம், இரண்டு உதவியாளர்கள் தருகிறோம் என்றார். நான் முறைப்படி கணக்கிட்டேன். ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். நிலையத்திலேயே அவர்தான் முதலிடம். பவளப்பாறைக்காரர் இரண்டாவது, அதுவும் வெகுதூரம் பின்னால்.

அந்த மதிப்பெண்ணை நானே நேரில் போய்ச் சொல்ல விரும்பினேன். அவருடைய அறைக்குப் போனேன். ஜன்னலோரம் நின்று காய்ந்த சிப்பி ஓடுகளை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சொன்னேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடுகளை அடுக்கிக்கொண்டே, வேறு ஏதோ யோசனையில் இருப்பவர்போல, "ஏண்ணா, போன் போகலைன்னா நேர்ல போய்ச் சொல்லியிருக்கலாமே. துறை உங்க வீட்டு வழிதானே?" என்று கேட்டார்.

"அந்த வழியாத்தான் போனேன்" என்றேன்.

அவர் திரும்பினார். "போனீங்களா?"

"போனேன். அந்த அம்மா ஒரு சிப்பி கொடுத்தாங்க."

"போன் பண்ணிப் பார்த்தீங்களா, இல்லையா?"

"இல்ல."

"மறந்துட்டீங்களா அண்ணா?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவர் முகம் கெஞ்சியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையைக் கொடுத்திருந்தால் அவர் என்னை மன்னித்திருப்பார் என்றுகூட நினைக்கிறேன். ஆனால் அது நடந்ததல்ல.

"மறக்கல" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வெயிலும் நிழலும் சொன்னேன். உதடு மரத்ததையும் சொன்னேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார்.

அதுவரை அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒன்றுதான் இந்த முழு விஷயத்திலும் எனக்கு எங்கோ வலித்தது. அவர் அப்படிச் சொன்னாலும் உண்மை அதுதானே? அவருக்காகத்தான். வேறு யாருக்காக? எனக்கு இதில் பத்துப் பைசா லாபம் உண்டா, பதவி உயர்வு உண்டா? அவர் வேலையை விட்டுவிட்டார் என்று மறுநாள் தெரிந்தது. உங்களுக்குத் தகவல் கொடுத்ததும் அவர்தான் என்று நினைக்கிறேன். கொடுத்தது சரிதான். மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம், அவ்வளவு உழைத்திருக்கிறார்.

இப்போது நீங்கள் கேட்டது எனக்குப் புரியவில்லை. மறுபடி கேளுங்கள்.

பேசாமல் ஒரு பெரிய எண்ணை எழுதியிருக்கலாமே என்கிறீர்கள். யாரும் சரிபார்க்கமாட்டார்கள், பயன் என்ற கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு எண். பிரிவு பிழைத்திருக்கும், இத்தனை பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள் என்கிறீர்கள். என் மனைவிகூட இவ்வளவு பச்சையாகச் சொன்னதில்லை. ஐயா, நீங்கள் பொறுப்பான பதவியில் இருக்கிறவர். இப்படிப் பேசலாமா? என் பணிக்காலத்தில் ஒரே ஒரு எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. நிலையத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படி எழுதுகிறவன் நான் இல்லை. அப்படி எழுதியிருந்தால் நான் எந்த முகத்தோடு உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பேன்?

சரி, வாக்குமூலத்தைக் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன். தெளிவாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். தகவல் எனக்கு வந்தது, சரி. தெரிந்தே சொல்லாமல் விட்டேன், சரி. சிப்பியில் நஞ்சு இருப்பதை என் உதட்டாலேயே அறிந்த பிறகும் அங்கிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்து போனேன், சரி. அதனால் ஐந்து பேர் இறந்தார்கள்.

இது தப்பு. ஆறு என்று திருத்துங்கள். இங்கே வருவதற்கு முன்னால் வார்டுக்குப் போன் செய்தேன். படகுக்காரர் மனைவி விடியற்காலையில் போய்விட்டாராம். நர்ஸ் அழுதாள். எனக்கு ஆறுதல் சொன்னாள். திருத்திவிட்டுக் கொடுங்கள், காத்திருக்கிறேன். தப்பான எண்ணுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுவதில்லை.